கையைத் தூக்காத மாணவர்கள்

1970 செப்டம்பரில் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தில் சுமார் 35,000 பேர் முதலாண்டில் சேர்ந்தார்கள். முந்தைய ஆண்டைவிட முக்கால் பங்கு அதிகம். இது தானாக நடந்துவிடவில்லை. 1969 ஏப்ரலில் கறுப்பின மாணவர்களும் போர்ட்டோ ரிக்கோ மாணவர்களும் சிட்டி காலேஜ் வளாகத்தின் ஒரு பகுதியைக் கைப்பற்றி இரண்டு வாரம் உள்ளேயே இருந்தார்கள். அந்தக் கல்லூரி இருப்பது ஹார்லெமில். ஆனால் ஹார்லெம் பிள்ளைகளை அதன் வகுப்புகளில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. போராட்டத்துக்குப் பிறகு விதி மாறியது. நகரத்தில் உயர்நிலைப் பள்ளி முடித்த யாருக்கும் பல்கலைக்கழகத்தின் ஏதாவது ஒரு கல்லூரியில் இடம் உண்டு. கட்டணமும் கிடையாது.

கதவைத் திறந்தாயிற்று. உள்ளே வந்தவர்களை என்ன செய்வது?

பள்ளி அவர்களுக்குக் கொடுக்காமல் விட்டதையெல்லாம் கல்லூரி முதல் வாரத்திலேயே கேட்டது. ஒரு பத்தி பிழையில்லாமல் எழுது, பின்னத்தைக் கூட்டு, சமன்பாட்டைத் தீர். முடியாதவர்களுக்கு அமெரிக்கக் கல்லூரிகள் வைத்திருக்கும் பெயர் ‘தயாராகாதவர்கள்’. அவர்களை உட்கார வைக்கும் இடம் ‘ரெமடியல்’ வகுப்பு. அதில் தேறினாலும் பட்டத்துக்கான கணக்கில் அது பெரும்பாலும் சேராது. காலமும் பணமும் போகும், பலருக்கு நம்பிக்கையும் போகும்.

அந்த நாட்களில் சிட்டி காலேஜில் எழுத்துப் பயிற்சியைப் பொறுப்பேற்று நடத்தியவர் மீனா ஷாக்னசி. புது மாணவர்கள் நுழைவின்போது எழுதிய கட்டுரைகளை அவர் படிக்க ஆரம்பித்தார். பத்து இருபது அல்ல, சுமார் 4,000 கட்டுரைகள். சக ஆசிரியர்கள் பலருக்கு அவை வெறும் குப்பை. ஷாக்னசிக்கு அந்தப் பிழைகளில் ஒழுங்கு தெரிந்தது. ஒரு மாணவர் ஒரே பிழையைத் திரும்பத் திரும்பச் செய்கிறார் என்றால் அதற்குப் பின்னால் அவராகவே உண்டாக்கிக்கொண்ட ஒரு விதி இருக்கிறது. அவர் வீட்டில் பேசும் மொழி இருக்கிறது. தப்பாகிவிடுமோ என்ற பயம் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் சிவப்பு மையால் வட்டம் போட்டுக்கொண்டே இருந்தால் எதுவும் மாறாது. 1977இல் வெளிவந்த ‘எர்ரர்ஸ் அண்ட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ நூலில் அவர் இதைத்தான் விரிவாக எழுதினார். மாணவர் மட்டுமல்ல, ஆசிரியரும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது என்பது அவர் கட்சி. அடுத்த ஆண்டே புற்றுநோயில் இறந்துபோனார்.

அவர் கையில் இருந்த கருவி தாளும் பேனாவும்தான். ஆனால் ஒருவர் உட்கார்ந்து 4,000 கட்டுரைகளைப் படிப்பதற்கு எந்த நிர்வாகம் சம்பளம் கொடுத்துக்கொண்டே இருக்கும்? இயந்திரம் உள்ளே வந்தது இந்த இடத்தில்தான்.

*

1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை இரண்டு கணினித் திட்டங்களில் பெரும் பணத்தைப் போட்டது. சமுதாயக் கல்லூரிகளில், அதாவது யார் வேண்டுமானாலும் சேரக்கூடிய ஈராண்டுக் கல்லூரிகளில், இரண்டும் சோதிக்கப்பட்டன.

ஒன்று பிளேட்டோ. டொனால்ட் பிட்சர் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1960இல் தொடங்கியது. 1972இல் அதன் நான்காவது வடிவம் வந்தபோது, ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும் பிளாஸ்மா திரை, அந்தத் திரையை விரலால் தொட்டுப் பதில் சொல்லும் வசதி என்று இன்றைக்குப் பார்த்தாலும் ஆச்சரியம்தான். சிகாகோவின் சமுதாயக் கல்லூரிகளுக்கும் அது போனது. எப்போது பயன்படுத்துவது, எவ்வளவு பயன்படுத்துவது என்பதை ஆசிரியர்தான் முடிவு செய்வார். வழக்கமான வகுப்போடு கூட ஒரு துணை, அவ்வளவுதான்.

இன்னொன்று டிக்கிட். மைட்டர் நிறுவனமும் பிரிகம் யங் பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கியது. வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி, அதோடு ஒரு விசைப்பலகை. அந்த விசைப்பலகைதான் சுவாரசியம். ‘விதி’, ‘உதாரணம்’, ‘பயிற்சி’, ‘எளிது’, ‘கடினம்’, ‘உதவி’ என்று தனித்தனி விசைகள். மாணவர் தனக்கு வேண்டியதைத் தானே அழுத்தி, தன் வேகத்தில் போகலாம். இது துணை அல்ல, முழுப் பாடத்தையும் இயந்திரமே நடத்தும்.

1978இல் மதிப்பீடு வந்தது. பிளேட்டோவை மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பிடித்திருந்தது. மதிப்பெண்ணில் மட்டும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. டிக்கிட்டில் கணக்குப் பாடத்தை முடித்தவர்கள், வகுப்பில் உட்கார்ந்து படித்தவர்களைவிட நன்றாகவே செய்திருந்தார்கள். ஆக, இயந்திரம் பாடம் நடத்திவிடும்.

ஆனால் அதே அறிக்கையில் இன்னொரு எண்ணும் இருந்தது. வழக்கமான கணக்கு வகுப்பை முடித்தவர்கள் 50 சதவீதம். டிக்கிட்டில் முடித்தவர்கள் 16 சதவீதம்.

வழக்கமான வகுப்பிலும் பாதிப்பேர் காணாமல் போயிருந்தார்கள், அதையும் மறக்க வேண்டாம். இருந்தாலும் 16 என்பது வேறு விஷயம். ‘உதவி’ விசையை அழுத்துவதற்கு முதலில் தனக்கு எது புரியவில்லை என்று தெரிந்திருக்க வேண்டும். தொடர்ந்து படித்துப் பழகிய பிள்ளைக்கு அது தெரியும். பன்னிரண்டு வருடம் கணக்கென்றாலே நடுங்கிய பிள்ளைக்கு எல்லாமேதான் புரியவில்லை, எந்த விசையை அழுத்துவது? நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்து போவார். அடுத்த நாள் வராவிட்டாலும் “எங்கே அந்தப் பொண்ணைக் காணோம்?” என்று தொலைக்காட்சிப் பெட்டி கேட்காது.

*

அந்த எண்ணைப் பலரும் மறந்துவிட்டார்கள். முற்றிலும் மறக்காத ஓர் இடம் வர்ஜீனியா டெக். 1997இல் அவர்கள் மூடிப்போன ஒரு பல்பொருள் அங்காடிக் கட்டடத்தை எடுத்து, சுமார் 500 கணினிகளைப் போட்டு, ‘மேத் எம்போரியம்’ என்று பெயர் வைத்தார்கள். பாடம் திரையில்தான். ஆனால் ஒவ்வொரு கணினியின் பக்கத்திலும் சிவப்பு நிறப் பிளாஸ்டிக் கோப்பை ஒன்று இருக்கும். கணக்கு எங்காவது முட்டினால் கோப்பையைக் கணினியின் தலையில் வைக்க வேண்டும். நடந்துகொண்டே இருக்கும் உதவியாளர் யாராவது பார்த்துவிட்டுப் பக்கத்தில் வருவார்.

பிறகு சமுதாயக் கல்லூரிகள் பல தங்கள் ரெமடியல் கணக்குக்கும் இந்த முறையை எடுத்துக்கொண்டன. 500 கணினிகளைவிட அந்தக் கோப்பைதான் எனக்குப் பெரிய கண்டுபிடிப்பாகத் தெரிகிறது. கை தூக்கிப் பழகாதவர்களுக்காகத் தூக்கப்படும் கை அது. ஆனால் கோப்பையை வைப்பதற்குக்கூட முதலில் அங்கே வந்து உட்கார வேண்டும்.

2013 ஜனவரியில் அந்தக் கட்டடமும் கோப்பையும்கூட வேண்டாம் என்று ஒரு பரிசோதனை ஆரம்பமானது. சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகமும் உடாசிட்டி நிறுவனமும் கைகோத்தன. அறிவிக்கும் மேடையில் கலிஃபோர்னியா ஆளுநர் ஜெர்ரி பிரவுன். மூன்று இணையப் பாடங்கள், ஒவ்வொன்றுக்கும் 150 டாலர். அதில் ஒன்று ரெமடியல் கணக்கு. ஏற்கெனவே ஒருமுறை தோற்ற பல்கலைக்கழக மாணவர்களையும், ஓக்லாந்தின் வசதியில்லாத பள்ளிப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டார்கள். பாடம் ஆரம்பித்த பிறகுதான் அந்தப் பிள்ளைகளில் சிலர் வீட்டில் கணினியே இல்லை என்பது தெரியவந்தது.

வழக்கமான வகுப்புகளில் 74 சதவீதத்துக்குக் குறையாமல் தேறிய பாடங்கள் அவை. உடாசிட்டியில் எந்தப் பாடத்திலும் 51 சதவீதத்தைத் தாண்டவில்லை. இரண்டு கூட்டமும் ஒன்றல்ல என்பதால் இதை நேரடி ஒப்பீடாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் ஜூலையில் திட்டத்தை நிறுத்தி வைத்தார்கள். அந்தக் கோடையில் நடந்த இரண்டாவது சுற்றில் தேர்ச்சி விகிதம் நன்றாக ஏறியது. ஏன் என்று பார்த்தால், அந்தச் சுற்றில் சேர்ந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஏற்கெனவே ஒரு பட்டம் வாங்கியவர்கள்! தயாராக வந்தவர்களுக்கு இயந்திரம் நன்றாகச் சொல்லிக்கொடுக்கும் என்று 1978இலேயே கிடைத்த பாடம் மறுபடியும் கிடைத்தது.

*

இதற்கிடையில் கதை தொடங்கிய நியூயார்க்கில் நிலைமை தலைகீழாகியிருந்தது. நிதி நெருக்கடியில் 1976இல் கட்டணம் வந்தது. 1990களின் இறுதியில், நான்காண்டுக் கல்லூரிகளில் ரெமடியல் வகுப்புகளையே நிறுத்த அறங்காவலர் குழு வாக்களித்தது. தயாராகாதவர்கள் ஈராண்டுக் கல்லூரிகளுக்குத் தள்ளப்பட்டார்கள்.

அங்கேதான் 2007இல் ‘ஏசாப்’ என்ற திட்டம் தொடங்கியது. முழுநேரமாகப் படிக்க வேண்டும். ரெமடியல் பாடங்களைத் தள்ளிப்போடாமல் முதலிலேயே முடிக்க வேண்டியிருந்தது. கட்டணத்தில் குறைகிற பணத்தைத் திட்டம் கட்டும், பாடநூல்களும் இலவசம். ஒவ்வொருவருக்கும் ஓர் ஆலோசகர் உண்டு. அப்போது வழக்கமாக அந்தக் கல்லூரிகளில் ஓர் ஆலோசகருக்கு 600 முதல் 1,500 மாணவர்கள் வரை இருந்தார்கள். ஏசாப்பில் 60 முதல் 80 பேர்தான் இருந்தார்கள். இன்னொன்றும் கொடுத்தார்கள்: மெட்ரோகார்டு. அப்போது சுரங்க ரயிலுக்கும் பேருந்துக்கும் தேய்த்த சாதாரண அட்டை. ஆனால் சும்மா கிடைக்கவில்லை, திட்டத்தில் தொடர்ந்து பங்கெடுத்தவர்களுக்குத்தான் கிடைத்தது.

ரெமடியல் தேவைப்பட்ட ஏழை மாணவர்கள் 896 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து ஆராய்ந்தார்கள். 2015இல் முடிவு வெளிவந்தது. மூன்றாண்டுகளில் பட்டம் பெற்றவர்கள் வழக்கமான முறையில் 22 சதவீதம், ஏசாப்பில் 40 சதவீதம். செலவு கூடுதல்தான். ஆனால் பட்டம் பெற்ற ஒரு மாணவருக்கு எவ்வளவு செலவு என்று கணக்குப் போட்டால் ஏசாப்தான் மலிவு.

இதனால் கணினி வேண்டாம் என்று ஆகிவிடாது. அந்த ஆரஞ்சுத் திரை முன்னால் சந்தோஷமாக உட்கார்ந்த மாணவர்கள் உண்மை. டிக்கிட்டில் கணக்கை முடித்துக் காட்டிய 16 சதவீதம் பேரும் உண்மை. ஆனால் இந்தப் பரிசோதனைகளில் பலவும் கேட்டது இயந்திரத்தால் பாடத்தைப் புரியவைக்க முடியுமா என்றுதான். பாதியில் எழுந்து போனவர்கள் தேர்வு எழுதவில்லை, அதனால் சராசரி மதிப்பெண்ணில் அவர்கள் இல்லை. அந்த 1978 அறிக்கையின் நல்ல செய்தியே முடித்தவர்களைப் பற்றியதுதான். ஷாக்னசி படித்த 4,000 கட்டுரைகளை எழுதியவர்களில் பலர் எழுந்து போகக்கூடியவர்கள். அவர்கள் போவதைப் பார்க்க ஓர் ஆளுக்குச் சம்பளம் கொடுப்பீர்களா என்ற கேள்வியைத் தள்ளிப்போடத்தான் ஒவ்வொரு முறையும் ஒரு புது இயந்திரம் வந்தது. அடுத்ததாகச் செயற்கை நுண்ணறிவு ஆசிரியர் வந்து நிற்கிறது. அதையும் இதே கேள்வியைக் கேட்டுத்தான் உள்ளே விட வேண்டும்: எத்தனை பேர் ஆரம்பித்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், நடுவில் போனவர்களை யார் தேடினார்கள்?