ஒரே நாளில் டொலேடோ: மாட்ரிட் போறவங்க எதை மிஸ் பண்ணக்கூடாது?

ஸ்பெயின் தலைநகர் மாட்ரிட்டில் இருந்து தெற்கே சுமார் 70 கி.மீ. தொலைவில் உள்ளது டொலேடோ. அதிவேக ரயிலில் ஏறினால் அரை மணி நேரம் சொச்சம்தான். காலையில் போய் ராத்திரி திரும்பிடலாம். மூன்று பக்கம் தாஹோ ஆறு, நடுவே பாறைக்குன்றில் ஊர். பாதி தெரு ஏற்றம்தான், நல்ல ஷூ அவசியம்.

கூட்டம் முதலில் ஓடுவது 1226-ல் கட்டத் தொடங்கிய கதீட்ரலுக்கு. பார்க்கணும்தான். ஆனா யூதர் குடியிருப்பை விட்டுடக் கூடாது. அங்குள்ள சாந்தா மரியா லா பிளாங்கா, கிறிஸ்தவ மன்னர்கள் ஆட்சியில், இஸ்லாமிய பாணி குதிரைலாட வளைவுகளோடு யூதர்கள் கட்டிய ஜெப ஆலயம். 'மூன்று மதங்களின் நகரம்' என்ற பெயருக்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. அந்தப் பெயர் மறைப்பதற்கும் இதுவே சாட்சி: பின்னாளில் இது தேவாலயமாக்கப்பட்டது. 1492-ல், மதம் மாற மறுத்த யூதர்கள் நாட்டைவிட்டே துரத்தப்பட்டனர்.

அவர்களின் கதையை, பக்கத்திலுள்ள எல் டிரான்சிட்டோ ஜெப ஆலயத்தில் இயங்கும் அருங்காட்சியகம் சொல்கிறது. திங்கட்கிழமை அது மூடியிருக்கும். டிக்கெட் போடும்போதே கவனிங்க.