பூனையின் தட்டும் புரதத்தின் கணக்கும்

சித்தூர் ஜில்லா 1911-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தின் ஒரு பகுதியாக அமைக்கப்பெற்றது. 1953-இல் அது ஆந்திர ராஜ்யத்தில் சேர்ந்தது. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. எல்லைக் கோடுகள் இவ்வாறு பன்முறை மாறினும், இரு மொழியும் கலந்து வழங்கும் இவ்வூர்களின் அடுக்களை வழக்கம் அத்துணை விரைவில் மாறவில்லை. தமிழில் பூனை என்றும் தெலுங்கில் பில்லி என்றும் பெயர் கொண்ட பிராணிக்கு, உண்டு மிஞ்சிய மோர்ச்சோறும் ஒரு கரண்டிப் பாலும் கிட்டின. புலால் நுழையாத வீட்டிலும் பூனை கொழுகொழுவென்று வளர்ந்தது. அதனைக் கண்ட பெரியோர், தயிர்ச்சோற்றின் மகிமை என்றே அதற்குக் காரணம் கூறினர்.

உண்மை வேறு. நெல்லும் நிலக்கடலையும் வெல்லமும் மூட்டை மூட்டையாக அடுக்கிய வீடுகளிலும் மண்டிகளிலும் எலிக்குப் பஞ்சமில்லை. பூனை தன் மெய்யான உணவை இரவில் தானே தேடிக்கொண்டது. பகலில் நாம் இட்டது அதற்குச் சிற்றுண்டி மாத்திரமே. வீட்டார் அறியாத அந்த இரவு உணவுதான் அதன் கண்ணையும் இருதயத்தையும் காத்து வந்தது என்பது, நெடுங்காலம் விஞ்ஞானிகளுக்கே தெரியாதிருந்தது.

இன்று திருப்பதியில் அடுக்குமாடி வீடுகள் எழுந்துள்ளன. அவற்றின் மூன்றாம் மாடியில் வளரும் பூனைக்கு மண்டியும் இல்லை, எலியும் இல்லை. பையிலிருந்து கொட்டப்படும் உருண்டைகளே அதற்கு முழு ஆகாரம். ஆகவே அப்பையின்மீது அச்சிட்டிருக்கும் சொற்களை எவ்வளவு தூரம் நம்பலாம் என்னும் கேள்வி எழுகிறது. இதற்கு விடை காண, அவ்வுணவின் வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்த்தல் வேண்டும்.

பிராணிகளுக்கென உணவு தயாரித்து விற்கும் தொழில் நாயிலிருந்து தொடங்கியது. 1860-ஆம் ஆண்டையொட்டி, ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்னும் அமெரிக்கர் லண்டன் மாநகரில் நாய்களுக்கான பிஸ்கோத்தை விற்பனைக்குக் கொணர்ந்தார். பின்னர் தகர டப்பாவில் அடைத்த இறைச்சி வந்தது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவில் தகரத்துக்குக் கட்டுப்பாடு ஏற்படவே, உற்பத்தியாளர் உலர் உணவின்பால் திரும்பினர். 1950-களில் மாவை அழுத்தி வெப்பத்தில் பொரித்து உருண்டையாக்கும் இயந்திர முறை பரவியது. நாய்க்குச் செய்ததையே சிறிது மாற்றிப் பூனைக்கும் இட்டனர். இடர்ப்பாடு இங்கேதான் விளைந்தது. நாய் ஏறக்குறைய நம்மைப் போலப் பலவும் உண்ணும் பிராணி. பூனையோ புலியின் இனம். ஊனுண்டே உயிர் வாழும்படி அதன் உடல் அமைந்துள்ளது.

டாரின் என்று ஒரு பொருள் உண்டு. 1827-இல் ஜெர்மானிய ஆராய்ச்சியாளர் இருவர் காளையின் பித்த நீரிலிருந்து இதனைப் பிரித்தெடுத்தனர். காளையைக் குறிக்கும் லத்தீன் சொல்லே இதன் பெயருக்கு மூலம். நாமும் நாயும் வேறு உணவுப் பொருள்களைக் கொண்டு இதனை உடலிலேயே போதிய அளவு ஆக்கிக்கொள்கிறோம். பூனையால் அவ்வளவு ஆக்க இயலாது. அஃதன்றி, தன் பித்த நீரை ஆக்குவதற்காக அது டாரினை இடைவிடாது செலவிட்டுக்கொண்டும் இருக்கிறது. தானியத்திலும் பருப்பிலும் இப்பொருள் இல்லையென்றே கூறலாம். பசுவின் பாலிலும் மிகச் சொற்பம். எலியின் தசையிலும் இருதயத்திலும் நிறைய உண்டு. மோர்ச்சோற்றுப் பூனையின் ரகசியம் இதுவே.

1975-இல் ஹேஸ் என்பவரும் அவருடன் பணியாற்றியோரும் பாலின் புரதமாகிய கேசினை மட்டும் நம்பி வளர்ந்த பூனைகளின் விழித்திரை சிதைவதைக் கண்டு, அதற்கு டாரின் குறைவே காரணம் என நிறுவினர். இதற்குப் பின்னும் கடையில் விற்ற உணவில் போதிய டாரின் இருப்பதாகவே கருதப்பட்டு வந்தது. 1987-இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில், பால் பியான் என்னும் கால்நடை மருத்துவரும் அவருடைய தோழர்களும் இருதயம் வீங்கித் தளர்ந்த 21 பூனைகளைப் பரிசோதித்தனர். அவற்றின் இரத்தத்தில் டாரின் மிகக் குறைந்திருந்தது. வியப்பு என்னவெனில், அவை உண்டவை பேர்போன கம்பெனிகளின் உணவுகள். அன்று வகுத்திருந்த அளவுக்குக் குறையாத டாரின் உள்ளவை. டாரினைக் கூடுதலாகக் கொடுத்ததும், சாகும் நிலையிலிருந்த பல பூனைகளின் இருதயம் தேறியது. ஆயின் சிதைந்த விழித்திரை மீள்வதில்லை.

குற்றம் எங்கே? அளவு வகுத்தவர்கள் டப்பாவுக்குள் உள்ள டாரினை எண்ணினார்களேயன்றி, பூனையின் உடலில் சேரும் டாரினை எண்ணவில்லை. டப்பாவில் அடைத்து உயர்ந்த வெப்பத்தில் வேகவைத்த உணவில் உண்டாகும் மாறுதல்களால், குடலிலுள்ள நுண்ணுயிர்கள் டாரினைப் பெருமளவு அழித்துவிடுகின்றன. இக்காரணம் பற்றியே, இன்று அமெரிக்க விதிகள் உலர் உணவில் 0.1 சதவிகிதம் போதும் என்றும், டப்பா உணவில் ஈரம் நீக்கிய கணக்கில் 0.2 சதவிகிதம் வேண்டும் என்றும் கூறுகின்றன. அந்தச் சிறு எண்ணுக்குப் பின்னால் எத்தனை பூனைகளின் கண்ணும் உயிரும் போயின என்பதை யாரும் எண்ணி வைக்கவில்லை.

இனி, புரதத்தின் கணக்குக்கு வருவோம். பையின்மீது ‘கச்சாப் புரதம்’ இத்தனை சதவிகிதம் என்று போட்டிருப்பதை நேயர்கள் கண்டிருக்கலாம். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இந்தக் ‘கச்சா’ என்னும் அடைமொழியின்மீது தனி மதிப்பு உண்டு. அப்பையிலுள்ள சொற்களுள் பணிவான சொல் அது ஒன்றுதான். ‘முழுமையான’, ‘சரிவிகித’ என்பனவெல்லாம் பெருமை பேசுகின்றன. ‘கச்சா’ மட்டும் இக்கணக்கு தோராயமானது என்று ஒப்புக்கொள்கிறது.

1883-இல் கோபன்ஹேகன் நகரத்துக் கார்ல்ஸ்பெர்க் ஆராய்ச்சிச் சாலையில் ஜோகன் கெல்டால் என்பவர் கண்ட முறை அது. ஒரு பொருளிலுள்ள நைட்ரஜனை அளந்து, அதனை 6.25-ஆல் பெருக்கி, வருவதைப் புரதம் எனக் கொள்வர். நைட்ரஜன் புரதத்திலிருந்துதான் வந்தது என்பது இங்கே அனுமானம். வேறு எங்கிருந்து வந்தாலும் கணக்கு அதனைப் பிரித்தறியாது. மெலமைன் என்பது தட்டுகளும் மேசைப் பலகைகளும் செய்ய உதவும் ரசாயனப் பொருள். அதன் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். நூறு கிராம் மெலமைனைக் கலந்தால் நானூறு கிராமுக்கு மேற்பட்ட புரதம் இருப்பதாகக் கெல்டால் கணக்கு சொல்லும்.

இதனைச் சிலர் கண்டுகொண்டனர். 2007-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், கனடா தேசத்து மெனு ஃபுட்ஸ் கம்பெனி ஆறு கோடி டப்பாக்களையும் உறைகளையும் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றது. ஏறக்குறைய நூறு வெவ்வேறு பெயர்களில் விற்றவை அவை. உள்ளே இருந்ததோ ஒரே ஆலையாரின் சரக்கு. சீனாவிலிருந்து கோதுமைப் புரதம் என வந்த மாவில் மெலமைனும் அதன் இனமான சயனூரிக் அமிலமும் இருந்தன. இவ்விரண்டும் சிறுநீரகத்தில் சேர்ந்து படிகங்களாக உறைந்து குழாய்களை அடைத்தன. கம்பெனியார் சுவை பார்ப்பதற்காக உணவிட்ட பூனைகளே முதலில் மாண்டவற்றுள் அடங்கும். பிறகு ஆராய்ந்ததில், 2004-இல் ஆசிய நாடுகள் சிலவற்றில் நாய்கள் சிறுநீரகம் பழுதுபட்டு இறந்ததற்கும் இதுவே காரணம் எனப் புலனாயிற்று. அக்காலத்தில் பூஞ்சை நஞ்சு எனக் கருதி அதனை விட்டுவிட்டிருந்தனர்.

மறு ஆண்டு, 2008-இல், அதே மெலமைன் சீனத்துக் குழந்தைகளின் பால் பொடியில் அகப்பட்டது. நீர் கலந்த பாலில் புரதம் குறையாததுபோற் காட்டுவதற்காகக் கலந்தது. ஏறத்தாழ மூன்று லட்சம் குழந்தைகள் நோயுற்றனர். ஆறு குழந்தைகள் இறந்தன. அவ்வாண்டு செப்டம்பரில் இந்திய அரசாங்கம் சீனப் பால் பொருள்களின் இறக்குமதியைத் தடுத்தது. பூனையின் கிண்ணத்தில் ஓராண்டு முன்னரே வெளிப்பட்ட மோசடி அது. பூனைக்குரிய செய்தி என்று அதனை ஒதுக்கியிராவிடில், பாலைச் சோதிப்போர் முன்னரே விழித்திருக்கக் கூடும் என்றே நான் நினைக்கிறேன்.

எல்லா வழக்கும் இப்படித் தெளிவாக முடிவதில்லை. 2021-இல் பிரிட்டனில் இரத்த அணுக்கள் குன்றி 500-க்கும் மேற்பட்ட பூனைகள் நோயுற்றன. அவற்றுள் பாதிக்கு மேல் இறந்தன. ஒரே ஆலையில் செய்த உலர் உணவின்மீது ஐயம் விழுந்து, அது திரும்பப் பெறப்பட்டது. பூஞ்சை நஞ்சும் காணப்பட்டது. எனினும், அதுவே காரணம் என்று அறுதியிட்டுரைக்க அதிகாரிகளால் இயலவில்லை.

நம் நாட்டு நிலைமை யாது? 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணயச் சட்டம், உணவு என்பதற்கு மனிதர் உண்பது எனப் பொருள் வரையறுத்து, விலங்குத் தீவனத்தை விலக்கிவிடுகிறது. ஒரே கடையில் அருகருகே அடுக்கியிருக்கும் குழந்தையின் பிஸ்கோத்துக்கு உரிய காவல் பூனையின் உருண்டைக்கு இல்லை.

ஆதலின் வாங்குவோரே சிலவற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. நாய்க்கென விற்பதைப் பூனைக்கு இடலாகாது; நாயுணவில் டாரின் சேர்த்திருக்க வேண்டும் என்ற நியதியில்லை. எலியின் உடலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நீர். உலர் உருண்டையில் பத்தில் ஒரு பங்கே நீர். பூனை இயல்பாகவே குறைவாக நீர் பருகும் பிராணியாதலால், உலர் உணவோடு தண்ணீர்க் கிண்ணத்தையும் கருதுதல் வேண்டும். ஆண் பூனை சிறுநீர் கழிக்க முக்கினால், பொழுது விடியட்டும் எனக் காத்திராமல் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். திருப்பதியில் 1955-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2005 முதல் பல்கலைக்கழகமே இருக்கிறது.

இன்னொன்று. பெரிய மூட்டையைப் பிரித்து, எடை போட்டு, வெறும் பாலிதீன் பையில் விற்கும் வழக்கம் கடைத்தெருவில் உண்டு. உருண்டையின் மேற்பூச்சு கொழுப்பு. சித்திரை வெயிலில் நாற்பது டிகிரியைத் தாண்டும் இவ்வூரில், காற்றுப்பட்ட கொழுப்பு விரைவில் சிக்கு நாற்றம் அடிக்கும். வைட்டமின் ஈ-யும் அதனோடு கெடும். 2007-இல் அமெரிக்க வீட்டார் தம் அலமாரியிலிருந்த டப்பா நஞ்சுடையதா அன்றா என்று அறிந்தது, அதன்மேல் அச்சிட்டிருந்த தேதியையும் தொகுதி எண்ணையும் செய்தித்தாளோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான். பாலிதீன் பையில் அவ்விரண்டும் இரா.