ஜோ பர்ரோ: சிற்றூரின் பசியைப் பேசிய வீரர்

கல்லூரி அளவிலான அமெரிக்கக் கால்பந்தில் மிக உயரிய தனிநபர் விருதான ஹைஸ்மன் கோப்பையை 2019 டிசம்பரில் வென்றவர் ஜோ பர்ரோ. 1996-இல் பிறந்த இவர், ஓஹியோ மாநிலம் ஏதென்ஸ் மாவட்டத்தில் உள்ள தி பிளெய்ன்ஸ் என்ற சிற்றூரில் வளர்ந்தார்.

ஆட்டத்தை வழிநடத்திப் பந்தை வீசும் குவார்ட்டர்பேக் வீரரான பர்ரோவுக்கு, ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழக அணியில் முதன்மை இடம் கிடைக்கவில்லை. 2018-இல் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். அடுத்த பருவத்தில் அவர் 60 டச்டவுன்களுக்குப் பந்து வீச, அந்த அணி 15 ஆட்டங்களிலும் வென்று தேசியப் பட்டம் பெற்றது. 2020-இல் என்எஃப்எல் வீரர்கள் தேர்வில் சின்சினாட்டி பெங்கால்ஸ் அணி அவரை முதல் வீரராகத் தேர்ந்தெடுத்தது.

ஹைஸ்மன் விருது ஏற்புரையில், தமது பகுதியில் பள்ளி முடிந்து வீடு திரும்பும் குழந்தைகளுக்குப் போதிய உணவில்லை என்று அவர் கண்கலங்கினார். அதையடுத்து ஏதென்ஸ் மாவட்ட உணவு வங்கிக்கு 4 லட்சம் டாலருக்கும் அதிகமான நன்கொடை குவிந்தது.