ஆல்பனி நகரத்து விடுதலைப் பாட்டு

சட்டப் புத்தகத்தில் எழுதப்பட்ட மாத்திரத்தில் மனித உரிமை மக்கள் வாழ்வில் வந்து சேர்ந்துவிடுவதில்லை. அதைக் கேட்டுப் பெறும் துணிவு முதலில் அவர்கள் நெஞ்சில் உண்டாக வேண்டும். அமெரிக்காவின் தென் மாநிலங்களில், 1960ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், கறுப்பின இளைஞரிடையே அத்துணிவு பிறந்ததற்குத் தலைவர்களின் பிரசங்கங்களும் நீதிமன்றத் தீர்ப்புகளும் எவ்வளவு காரணமோ, அவ்வளவு காரணம் பாட்டு என்பதை அந்தச் சரித்திரத்தை ஊன்றிப் படிப்பவர் எவரும் உணர்வர்.

அப்பாட்டின் பூர்வோத்தரத்தைத் தேடினால், டென்னஸி மாநிலத்து மலைப்பகுதியில் மைல்ஸ் ஹார்ட்டனும் அவருடைய தோழர்களும் 1932இல் தொடங்கிய ஹைலாண்டர் பள்ளிக்குச் சென்று சேர்வோம். இனப்பிரிவினை சட்டமாகவே இருந்த அம்மாநிலத்தில் வெள்ளையரையும் கறுப்பரையும் ஒருங்கே அமர்த்திய அப்பள்ளியில், ஹார்ட்டனின் மனைவி ஸில்ஃபியா சங்கீதத்தைப் பொழுதுபோக்காக ஒதுக்கிவிடாமல் கல்வியின் அங்கமாகவே வைத்திருந்தார். 1945-46இல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரத்துச் சுருட்டுத் தொழிற்சாலையில் வேலைநிறுத்தம் செய்த பெண்கள் மறியலில் பாடிய பாட்டொன்று அவர் வசம் வந்தது. அவரிடமிருந்து பாடகர் பீட் சீகரைச் சென்றடைந்தது. பின்னர் 'வி ஷல் ஓவர்கம்' என்ற பெயரால் உலகறிந்த கீதமாயிற்று.

1959ஆம் ஆண்டுக் கோடையில் ஒரு நாள் இரவு போலீசார் அப்பள்ளிக்குள் புகுந்து விளக்குகளை அணைத்துவிட்டுச் சோதனையிட்டபோது, இருளில் உட்கார்ந்திருந்தவர்கள் அப்பாட்டைப் பாடத் தொடங்கினர். அவர்களுள் மாண்ட்கமரியிலிருந்து வந்திருந்த 14 வயதுச் சிறுமி, தங்களுக்கு அச்சமில்லை என்று புதிய அடியொன்றைத் தானே சேர்த்துப் பாடினாள். இவ்வளவு உரக்கப் பாடத்தான் வேண்டுமா என்று கேட்ட போலீஸ்காரரின் குரலில் நடுக்கம் இருந்ததென அப்பெண் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். அடுத்த ஆண்டு ஏப்ரலில், ராலே நகரில் மாணவர் அகிம்சை இணைப்புக் குழு உருவான கூட்டத்தில், கை காரவன் என்ற பாடகர் அப்பாட்டை மாணவர்களுக்குக் கற்பித்தார்.

பாட்டின் சக்தி முழுமையாக வெளிப்பட்ட இடம் ஜார்ஜியா மாநிலத்து ஆல்பனி நகரம். 1961ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அக்குழுவின் சார்பில் அங்கு வந்த சார்ல்ஸ் ஷெராடும், 18 வயதே நிரம்பிய கார்டெல் ரீகனும் இனப்பிரிவினைக்கு எதிராக மாணவர்களைத் திரட்டினர். டிசம்பர் ஊர்வலங்களில் 500க்கும் மேற்பட்டோர் சிறைப்பட்டனர். அவர்களுள் ஒருவரான கல்லூரி மாணவி பெர்னிஸ் ஜான்சன், தேவாலயக் கூட்டத்தில் பாடும்படி கேட்டுக்கொள்ளப்பட்டபோது, பழைய பக்திப் பாட்டொன்றில் துன்பம் என்று வரும் இடத்தில் விடுதலை என்று மாற்றிப் பாடினார். தம் குரல் பின்னாளில் பெற்ற கனத்தை, சிறையிலிருந்து மீண்டு போராட்டக் கூட்டத்தில் பாடிய அன்றே அடைந்ததாக அவர் கூறியிருக்கிறார்.

அத்தேவாலயங்களில் பாடும் முறையே இதற்கு இடங்கொடுத்தது. ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க மற்றவர் யாவரும் ஏற்றுப் பாடுவர். வாத்தியங்கள் இல்லை, கைத்தட்டலும் காலடியுமே தாளம். கேட்பவர், பாடுபவர் என்ற பேதமும் இல்லை. ஓரடியில் ஒரு பெயரை மாற்றினால் பழைய பாட்டு அன்றைய செய்தியாகிவிடும்; இவ்விதமாகவே காவல்துறைத் தலைவர் பிரிட்செட்டின் பெயரும் நகர மேயரின் பெயரும் ஆல்பனிப் பாட்டுகளில் ஏறின. பகலில் வீதியில் யாருக்கு அஞ்சி ஒதுங்கி நின்றார்களோ அவரையே பெயர் சொல்லி, அவர் எங்களைத் தடுக்க இயலாது என்று நூற்றுக்கணக்கானோர் ஒரே குரலில் பாடியபோது, பரம்பரை பரம்பரையாக வந்த அச்சம் தளர்ந்தது.

ஆல்பனியில் உடனடியாகக் கிட்டிய பலன் சொற்பமே. ஆயினும் அந்த மண்ணில் பதப்பட்ட பாட்டு அங்கேயே தங்கிவிடவில்லை. 1962இல் ரீகன், பெர்னிஸ் ஜான்சன், ரூத்தா மே ஹாரிஸ், சார்ல்ஸ் நெப்லெட் ஆகிய நால்வரும் 'ஃப்ரீடம் சிங்கர்ஸ்' என்ற குழுவாகப் புறப்பட்டு, கல்லூரிதோறும் பாடி, போராட்டத்தின் கதையைச் சொல்லி நிதி திரட்டினர். 1963 மே 2ஆம் தேதி பர்மிங்ஹாம் நகரத்துப் பதினாறாம் தெருத் தேவாலயத்திலிருந்து பள்ளிப் பிள்ளைகள் அணியணியாகப் பாடிக்கொண்டு வெளியேறிச் சிறை சென்றனர். மறுநாள் அவர்கள்மீது தண்ணீர்க் குழாய்களும் நாய்களும் ஏவப்பட்ட காட்சி உலகை உலுக்கியது. அடுத்த ஆண்டு சிவில் உரிமைச் சட்டம் நிறைவேறியது.

இளைஞரை உரிமைப் பணிக்கு ஈர்க்க விரும்புவோர் இன்று பலவிடங்களில் கலையைக் கசப்பு மருந்துக்குத் தடவிய தேனாகவே கையாளுகின்றனர். மேடையில் சிலர் பாட, மற்றவர் கேட்டுவிட்டுக் கலைகின்றனர். ஆல்பனியில் நிகழ்ந்தது அதுவன்று. போலீசாரின் முன் வாய் திறந்து பாடியவன் கூடும் உரிமையையும் பேசும் உரிமையையும் அக்கணமே கையாண்டுவிட்டான். அவனுக்குப் பாட்டே பாடமும் பரீட்சையும் ஆயிற்று. ஆகவே, இளைஞரிடம் பாட்டை ஒப்படைப்போர் அதன் அடியை மாற்றும் அதிகாரத்தையும் சேர்த்தே ஒப்படைக்க வேண்டும். தன் ஊரின் அநீதியைத் தன் வாயால் பெயர் சொல்லிப் பாடும் பிள்ளைதான் நாளை அதை எதிர்த்தும் நிற்கும்.