இருநூறு ரூபாய்க்காரரும் வருமான வரியும்

நடுத்தரக் குடும்பங்களின்மீது வருமான வரி நியாயமாக விழுகிறதா என்ற கேள்வி, நம் நாட்டில் அவ்வரி பிறந்தபோதே உடன்பிறந்தது. 1857-ஆம் ஆண்டுப் புரட்சியை அடக்கச் செய்த செலவினால் இந்திய சர்க்காரின் கடன் பெருகியிருந்தது. நிதிநிலையைச் சீர்செய்ய இங்கிலாந்திலிருந்து வந்தவர் ஜேம்ஸ் வில்சன். 1843-இல் ‘எகானமிஸ்ட்’ பத்திரிகையைத் தொடங்கியவர். 1860-இல் அவர் இந்த வரியைக் கொணர்ந்தார்.

ஆண்டுக்கு 200 ரூபாய் முதல் 500 ரூபாய்க்குள் வருவாய் உடையவர்கள் நூற்றுக்கு 2 ரூபாயும், அதற்கு மேற்பட்டவர்கள் நூற்றுக்கு 4 ரூபாயும் செலுத்த வேண்டும். ஆண்டுக்கு 200 என்றால் மாதம் 17 ரூபாய்கூட இல்லை. அத்தகைய குமாஸ்தாவின் வரி 4 ரூபாய், அதாவது ஒரு வாரச் சம்பளம். சிறு தொகைதானே எனலாம். அந்த வாரத்து அரிசிக்கு அவர் எங்கே போவார்? 500 ரூபாய்க்காரருக்கும் 50,000 ரூபாய்க்காரருக்கும் ஒரே விகிதம் என்பதையும் மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

வில்சன் பக்கத்திலும் நியாயம் உண்டு. நிலவரியை உழவனும் உப்பு வரியை ஏழையும் சுமக்க, பெருவணிகரும் உயர் உத்தியோகஸ்தரும் மிகச் சொற்பமே கொடுத்துவந்தனர். அவர்களைத் தொட்டது சரியே. வலையின் கண்களை இத்தனை நெருக்கமாகப் பின்னியதைத்தான் நான் குறை கூறுவேன்.

சென்னை கவர்னர் சர் சார்லஸ் டிரெவெலியன் இவ்வரியை எதிர்த்தார். வரியை ஏற்றாதீர்கள், படைச் செலவைக் குறையுங்கள் என்பது அவர் வாதம். எழுதிய குறிப்பைப் பத்திரிகைகளிலும் வெளியிட்டுவிட்டார்! மேலிடம் பொறுக்குமா? அவ்வாண்டே திருப்பி அழைக்கப்பட்டார். வில்சனும் அதே ஆகஸ்டில் கல்கத்தாவில் காலமானார்.

500 ரூபாய்க்குக் குறைந்தோரிடம் வசூலிக்கும் தொல்லை பெரிது, வரவு சிறிது என்று கண்டு, 1862-இல் அவர்களை விலக்கினர். மறு ஆண்டு நிதி உறுப்பினராக வந்தவர் யார் தெரியுமா? அதே டிரெவெலியன்தான். அவர் காலத்திலேயே, 1865-இல், வரி காலாவதியாயிற்று.

பின்னர் பல உருவில் தோன்றி மறைந்த வரி, 1886-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிலைத்தது. வேளாண்மை வருவாய்க்கு அதில் முழு விலக்கு. ஆகவே ஜமீன்தாரின் குத்தகைப் பணம் தப்பியது; மாதம் 50 ரூபாய் பெற்ற சர்க்கார் குமாஸ்தாவோ ரூபாய்க்கு 4 பை வீதம் ஆண்டுக்குப் பன்னிரண்டரை ரூபாயைச் சம்பளத்திலேயே இழந்தார். வரம்பு 1,000 ரூபாயாக உயர்ந்து அவருக்கு விடுதலை கிடைத்தது 1903-இல்தான்.