ஜெனரல் மோட்டார்ஸ் இக்னிஷன் சுவிட்ச் குறையும் பத்தாண்டுத் தாமதமும்

2014 பிப்ரவரி 7 அன்று, அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் செவர்லே கோபால்ட், பான்டியாக் ஜி5 ஆகிய இரு சிறிய கார் வகைகளைப் பழுது நீக்கத்திற்காகத் திரும்ப அழைப்பதாக அந்நாட்டின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்திற்கு அறிவித்தது. அப்போது சொல்லப்பட்ட எண்ணிக்கை சுமார் 7.8 லட்சம். அடுத்த ஏழு வாரங்களில் அது 26 லட்சமாக உயர்ந்தது. குறை இருந்ததோ சாவி நுழையும் இடத்திற்குப் பின்னால் உள்ள மிகச் சிறிய மின் உறுப்பு ஒன்றில். அந்த உறுப்பு சரியில்லை என்பது கார்கள் விற்பனைக்கு வருவதற்கு முன்பே நிறுவனத்தின் பொறியாளர்களுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்த பிறகும் ஏன் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று என்பதே இவ்விவகாரத்தின் மையக் கேள்வி.

சுவிட்ச் செயல்படும் முறை

பெரும்பாலான பழைய கார்களில் சாவியைத் திருப்பும்போது நான்கு நிலைகள் வரும்: பூட்டு, துணைக்கருவி, ஓட்டம், தொடக்கம். துணைக்கருவி நிலையில் வானொலி போன்றவற்றுக்கு மட்டுமே மின்சாரம் கிடைக்கும். எஞ்சின் இயங்குவது ஓட்ட நிலையில்தான். ஒவ்வொரு நிலையிலும் சாவி தானாக நகராமல் நிற்பதற்குக் காரணம் சுவிட்சின் உள்ளே இருக்கும் ஒரு சிறு முளையும் அதை அழுத்தும் சுருள்வில்லும் ஆகும். வில் வலுவாக இருந்தால் சாவியைத் திருப்பச் சற்று விசை தேவைப்படும். வலுவில்லாவிட்டால் சாவி எளிதில் நழுவும்.

ஜெனரல் மோட்டார்ஸ் வகுத்திருந்த அளவுப்படி, சாவியை ஓட்ட நிலையிலிருந்து பின்னுக்குத் திருப்ப 15 முதல் 25 நியூட்டன்-சென்டிமீட்டர் வரை முறுக்குவிசை தேவைப்பட வேண்டும். டெல்ஃபி நிறுவனம் தயாரித்துக் கொடுத்த சுவிட்சுகள் 4 முதல் 10 வரைதான் தாங்கின. கனமான சாவிக்கொத்து, மேடுபள்ளமான சாலையின் ஒரு குலுக்கல், ஓட்டுநரின் முழங்கால் தட்டுதல் ஆகியவற்றில் ஒன்று போதும், சாவி துணைக்கருவி நிலைக்கு நழுவிவிடும். கோபால்ட் காரில் சாவித்துளை ஸ்டீயரிங் தண்டின் மீது தாழ்வான இடத்தில் அமைந்திருந்ததும், சாவியின் தலையில் வளையம் மாட்டும் துளை நீளவாட்டில் இருந்ததும் நிலைமையை மோசமாக்கின. வளையம் ஓரத்திற்கு நகரும்போது அதன் எடை ஒரு நெம்புகோல் போலச் சாவியைத் திருப்பிவிடும்.

சாவி நழுவினால் எஞ்சின் நிற்கும். ஸ்டீயரிங்கிற்கும் பிரேக்கிற்கும் கிடைத்துவந்த துணைவிசை போய்விடும். இவற்றைவிடக் கொடியது இன்னொன்று: காற்றுப்பைகளை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் செல்லும் மின்சாரமும் நிற்கும். நிறுத்தி வைத்த காரில் காற்றுப்பை தவறுதலாக விரிந்துவிடக் கூடாது என்பதற்காகவே அது அப்படி வடிவமைக்கப்பட்டிருந்தது. ஆகவே ஓட்டுநர் கட்டுப்பாட்டை இழந்து மரத்திலோ இன்னொரு வண்டியிலோ மோதும் அந்தக் கணத்தில், அவரைக் காக்க வேண்டிய காற்றுப்பை செயலற்றுக் கிடக்கும்.

இந்தக் கடைசித் தொடர்பைத்தான் நிறுவனத்தினர் பல ஆண்டுகள் காணத் தவறினர். இத்தனைக்கும் அந்தக் காற்றுப்பை அமைப்பை வடிவமைத்ததும் அதே நிறுவனம்தான்.

"வசதிக் குறைவு" என்ற வகைப்பாடு

சுவிட்ச் குறித்த அளவை எட்டவில்லை என்று தெரிந்தே, வடிவமைப்புப் பொறியாளர் ரே டிஜியார்ஜியோ 2002-இல் அதற்கு ஒப்புதல் அளித்தார். வேறு பல கோளாறுகளாலும் அவரை அலைக்கழித்த அந்த உறுப்பை "நரகத்திலிருந்து வந்த சுவிட்ச்" என்று அவரே ஒரு மின்னஞ்சலில் குறிப்பிட்டிருந்தார். முதலில் சாட்டர்ன் அயான் காரிலும், 2004-இல் உற்பத்தி தொடங்கிய கோபால்ட் காரிலும் இது பொருத்தப்பட்டது. கோபால்ட் அறிமுகமான காலத்திலேயே, சோதனையாக ஓட்டியவர்களின் முழங்கால் பட்டு எஞ்சின் நின்ற நிகழ்வுகள் பதிவாயின. 2005-இல் செய்தித்தாள்களில் கார்களை மதிப்பிடுவோரும் இதைப் பற்றி எழுதினர்.

நிறுவனத்திற்குள் விசாரணை தொடங்கப்பட்டது. சில மாதங்களில் மூடப்பட்டது. மாற்று வழிகளுக்கு ஆகும் செலவும் காலமும் வணிகக் கணக்கில் ஒத்துவரவில்லை என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. எஞ்சின் நின்றாலும் காரைத் திருப்பவும் நிறுத்தவும் முடியும் என்பதால், இது பாதுகாப்புக் குறை அன்று, வாடிக்கையாளரின் வசதிக் குறைவு என்று வகைப்படுத்தினர். இந்த வகைப்பாடே பின்னர் நடந்த எல்லாவற்றுக்கும் வழிவகுத்தது எனலாம். பாதுகாப்புக் குறை என்றால் அமெரிக்கச் சட்டப்படி ஐந்து வேலை நாட்களுக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். உரிமையாளர்களுக்குக் கடிதம் அனுப்பி இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும். வசதிக் குறைவுக்கு அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. செலவைக் கணக்கிட்டுப் பார்த்து ஒத்திவைக்கலாம்.

2005 டிசம்பரில் விற்பனை நிலையங்களுக்கு மட்டும் ஒரு சுற்றறிக்கை போனது. புகார் சொல்லி வரும் வாடிக்கையாளரிடம் சாவிக்கொத்தின் எடையைக் குறைக்கச் சொல்ல வேண்டும். சாவியின் நீள்துளையை வட்டத் துளையாக்கும் சிறு செருகியைப் பொருத்தித் தர வேண்டும். எஞ்சின் "நின்றுபோதல்" என்ற சொல் அரசின் கவனத்தை ஈர்த்துவிடும் என்பதால் சுற்றறிக்கையில் அது தவிர்க்கப்பட்டது. அந்தச் சொல்லைக் கொண்டு தேடிய பணியாளருக்குச் சுற்றறிக்கை கிடைக்க வழியில்லாமல் போயிற்று. அந்தச் செருகி பொருத்தப்பட்ட வாடிக்கையாளர்கள் 474 பேர் மட்டுமே.

மாறாத உறுப்பு எண்

2006 ஏப்ரலில் டிஜியார்ஜியோ ஒரு மாற்றத்திற்கு ஒப்புதல் தந்தார். முளையும் வில்லும் நீளமாக்கப்பட்டு, சுவிட்ச் முன்னைவிட உறுதியானது. ஆனால் உறுப்பு எண் மாற்றப்படவில்லை. வாகனத் தொழிலில் உறுப்பின் வடிவம் மாறினால் எண்ணும் மாற வேண்டும் என்பது பாலபாடம். எண் மாறாததால், 2007-க்குப் பிந்தைய கோபால்ட் கார்களில் புகார் ஏன் குறைந்தது என்பதை ஆராய்ந்த நிறுவனத்தின் புலனாய்வாளர்கள், சுவிட்ச் எப்போதும் ஒன்றேதான் என்று நம்பி வேறு காரணங்களைத் தேடிக்கொண்டிருந்தனர். ஆண்டுகள் கழிந்தன.

இதற்கிடையே வெளியாட்கள் சிலர் விடையை நெருங்கியிருந்தனர். 2006 அக்டோபரில் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு கோபால்ட் மரங்களில் மோதி இரு இளம்பெண்கள் இறந்தனர். அவ்விபத்தை ஆராய்ந்த மாநிலக் காவலர், சாவி துணைக்கருவி நிலையில் இருந்ததையும் காற்றுப்பைகள் விரியாததையும் இணைத்துப் பார்த்து, நிறுவனத்தின் சுற்றறிக்கையையும் தேடிக் கண்டுபிடித்து, 2007-இல் தம் அறிக்கையில் எழுதினார். அந்த அறிக்கை நிறுவனத்தின் கோப்புகளிலும் இருந்தது. எவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. அரசின் பாதுகாப்பு நிர்வாகமும் தப்பவில்லை. அதன் அலுவலர் ஒருவர் 2007-இல் முறையான விசாரணை வேண்டும் என்று பரிந்துரைத்தபோது, போக்கு எதுவும் தெளிவாகத் தென்படவில்லை என்று கூறி நிர்வாகம் மறுத்தது. 2010-இலும் அதுவே நடந்தது.

2010 மார்ச்சில், ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு செவிலியர் தம் 29ஆம் பிறந்தநாளன்று கோபால்ட் ஓட்டிச் சென்று விபத்தில் இறந்தார். எஞ்சின் நிற்கிறது என்று சில நாள்களுக்கு முன்புதான் காரை விற்பனை நிலையத்தில் விட்டிருந்தார். அங்கே எரிபொருள் அமைப்பைச் சுத்தம் செய்து திருப்பிக் கொடுத்திருந்தனர். காரின் தரவுப் பதிவுக்கருவியோ, மோதுவதற்குச் சில நொடிகள் முன்பு சாவி துணைக்கருவி நிலைக்குப் போனதைக் காட்டியது. பெற்றோர் தொடுத்த வழக்கில் அவர்களது தரப்புப் பொறியாளர் ஒரு புதிய சுவிட்சைக் கடையில் வாங்கி, விபத்துக்குள்ளான காரின் சுவிட்சுடன் ஒப்பிட்டார். எண் ஒன்று, வில்லின் நீளம் வேறு. 2013 ஏப்ரலில் நடந்த வாக்குமூலப் பதிவில் இது முன்வைக்கப்பட்டபோது, மாற்றத்திற்குத் தாம் ஒப்புதல் தந்ததாக நினைவில்லை என்றார் டிஜியார்ஜியோ. அவர் கையொப்பமிட்ட ஆவணம் பின்னர் வெளிவந்தது.

பல்லாயிரம் பொறியாளர்களைக் கொண்ட நிறுவனம் காணாததை, கடையில் ஒரு சுவிட்சை வாங்கிப் பிரித்துப் பார்த்த ஒருவர் கண்டுவிட்டார். அதன் பிறகும் திரும்ப அழைப்பு முடிவாக ஒன்பது மாதங்களுக்கு மேல் பிடித்தது.

அழைத்த பின்னும் காத்திருப்பு

அறிவிப்பு வந்தவுடன் பழுது நீங்கிவிடவில்லை. திரும்ப அழைக்கப்பட்ட மாதிரிகள் எல்லாம் உற்பத்தி நின்றுபோனவை. பான்டியாக், சாட்டர்ன் என்ற பெயர்களே 2010-இல் மூடப்பட்டிருந்தன. கையிருப்பில் சுவிட்சுகள் இல்லை. டெல்ஃபி மீண்டும் தயாரிப்பைத் தொடங்கி, கூடுதல் உற்பத்தி வரிசைகளை அமைக்க வேண்டியிருந்தது. உறுப்புகள் ஏப்ரலில் வரத் தொடங்கும், அக்டோபருக்குள் போதுமான அளவு தயாராகும் என்று நிறுவனம் கூறியது. அதுவரை உரிமையாளர்களுக்குச் சொல்லப்பட்ட வழி, சாவி வளையத்திலிருந்து மற்ற எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வெறும் சாவியோடு ஓட்டுவது. எட்டு ஆண்டுகளுக்கு முன் சுற்றறிக்கையில் சொன்ன அதே அறிவுரை! பயந்தவர்கள் கேட்டால் மாற்றுக் கார் தரப்பட்டது. ஆனால் கேட்க வேண்டும் என்று தெரிந்தால்தான் கேட்க முடியும்.

உறுப்பு எண் செய்த கேடு இங்கும் தொடர்ந்தது. பழைய குறையுள்ள சுவிட்சுகளும் புதியவையும் ஒரே எண்ணில் உதிரிபாகக் கடைகளில் கலந்து கிடந்ததால், நல்ல சுவிட்சுடன் தயாரான 2008 முதல் 2011 வரையிலான கார்களிலும் பழுதுபார்ப்பின்போது பழைய சுவிட்ச் பொருத்தப்பட்டிருக்கலாம். எந்தக் காரில் எது என்று பிரித்தறிய வழியில்லை. எனவே மார்ச் 28 அன்று அமெரிக்காவில் மட்டும் மேலும் 8.24 லட்சம் கார்களை அழைக்க நேர்ந்தது. ஏப்ரலில் இன்னொரு சிக்கல் வெளிப்பட்டது: இதே கார்களில் எஞ்சின் ஓடும்போதே சாவியை உருவி எடுக்க முடிந்தது. ஆக, சுவிட்சோடு பூட்டுருளையையும் மாற்ற வேண்டியதாயிற்று.

பழுது நீங்கும்வரை இந்தக் கார்களை ஓட்டவே வேண்டாம் என்று உரிமையாளர்களுக்கு அறிவிக்கும்படி நிறுவனத்திற்கு ஆணையிடக் கோரி டெக்சாஸ் கூட்டாட்சி நீதிமன்றத்தில் மனுச் செய்யப்பட்டது. நீதிபதி நெல்வா கொன்சாலஸ் ராமோஸ் ஏப்ரல் 17 அன்று அதை மறுத்தார். அது பாதுகாப்பு நிர்வாகம் தீர்மானிக்க வேண்டிய விஷயம் என்பது அவர் நிலைப்பாடு. 2014 முடிந்தபோதும் லட்சக்கணக்கான கார்கள் பழைய சுவிட்சோடு ஓடிக்கொண்டிருந்தன. பத்து வயதான கார்கள் இரண்டு மூன்று கை மாறியிருக்கும். முகவரி மாறிய உரிமையாளருக்குக் கடிதம் போய்ச் சேராது. உறுப்பு தயாராகவில்லை என்ற முதல் கடிதத்தைப் படித்தவர்களில் பலர் இரண்டாவதைப் பிரிக்காமலும் இருந்திருக்கலாம்.

விசாரணையும் இழப்பீடும்

2014 ஜனவரியில்தான் தலைமைச் செயல் அலுவலராகப் பொறுப்பேற்றிருந்த மேரி பாரா, ஏப்ரல் 1, 2 தேதிகளில் நாடாளுமன்றக் குழுக்கள் முன் விளக்கமளித்தார். ஒரு சுவிட்சைச் சரிசெய்ய 57 சென்ட் ஆகும் என்ற கணக்கு அங்கே பேசப்பட்டது. ஒரு டாலரில் பாதியைச் சற்றே தாண்டும் தொகை. மே மாதம், காலத்தில் தெரிவிக்கத் தவறியதற்காக 3.5 கோடி டாலர் அபராதத்தை நிறுவனம் ஏற்றது. அந்த நாளில் சட்டம் அனுமதித்த உச்சவரம்பே அதுதான். 2015 டிசம்பரில் இயற்றப்பட்ட சட்டம் அதை 10.5 கோடியாக உயர்த்தியது.

நிறுவனம் அமர்த்திய முன்னாள் அரசு வழக்கறிஞர் ஆன்டன் வலூகாஸ் 2014 ஜூனில் அளித்த நீண்ட அறிக்கை, சதியைக் காணவில்லை என்றது. அது கண்டது வேறு. கூட்டத்தில் எல்லோரும் தலையசைத்து ஒப்புக்கொண்டு, வெளியேறியபின் யாரும் எதையும் செய்யாத பழக்கம். கைகளைக் கட்டிக்கொண்டு, பொறுப்பு அடுத்தவருடையது என்று விரலால் சுட்டும் பழக்கம். இவ்விரண்டுக்கும் நிறுவனத்திற்குள் பெயர்களே வழங்கின. 15 பணியாளர்கள் நீக்கப்பட்டனர்.

இக்குறையால் 13 பேர் இறந்ததாகவே தொடக்கத்தில் நிறுவனம் கூறிவந்தது. கென்னத் ஃபைன்பெர்க் நிர்வகித்த இழப்பீட்டு நிதிக்கு 4,343 கோரிக்கைகள் வந்தன. அவற்றில் 399 ஏற்கப்பட்டன. ஏற்கப்பட்டவற்றில் 124 மரணங்களும் 275 காயங்களும் அடங்கும். 2015 செப்டம்பரில் குற்றவியல் வழக்கைத் தள்ளிவைக்கும் உடன்பாட்டின்படி 90 கோடி டாலர் செலுத்த நிறுவனம் இசைந்தது. தனிநபர் எவர் மீதும் குற்றம் சாட்டப்படவில்லை. 2009 திவால் நடவடிக்கைக்குப் பின் உருவான புதிய நிறுவனம், பழைய நிறுவனத்தின் கார்களுக்குப் பொறுப்பாகாது என்ற வாதமும் எழுப்பப்பட்டது. அந்தக் கவசம் இந்த வழக்குகளுக்குப் பொருந்தாது என்று 2016-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2017-இல் உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்தது.

இழப்பீட்டுக் கணக்கில் அடங்காத பாதிப்பு ஒன்றும் உண்டு. 2004 நவம்பரில், டெக்சாஸ் மாநிலத்தில் 21 வயதுப் பெண் ஒருவர் ஓட்டிய சாட்டர்ன் அயான் கார் சாலையை விட்டு விலகி மரத்தில் மோதியது. உடன் வந்த அவருடைய காதலர் இறந்தார். காற்றுப்பைகள் விரியவில்லை, பிரேக் அழுத்திய தடமும் சாலையில் இல்லை. கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றத்தை 2007-இல் அவர் ஒப்புக்கொண்டார். அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே, அந்தக் கார் மின்சாரத்தை இழந்திருக்கக்கூடும் என்று நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் உள்ளாய்வில் குறித்திருந்தார். அது அந்தப் பெண்ணுக்கும் தெரிவிக்கப்படவில்லை, வழக்கு நடத்திய அரசுத் தரப்புக்கும் தெரிவிக்கப்படவில்லை. விபத்து நடந்து பத்து ஆண்டுகள் கழித்து, 2014 நவம்பரில், டெக்சாஸ் நீதிபதி ஒருவர் அந்தத் தண்டனையை ரத்து செய்தார்.