யாருடைய விதை? காரைக்கால் கரையிலிருந்து மணிலாக்கொட்டையின் வரலாறு



காரைக்காலின் வரலாறு என்று எழுதப்பட்டவை எல்லாம் பெரும்பாலும் நெல்லின் வரலாறுதான். 1739இல் தஞ்சை மராட்டிய அரசிடமிருந்து பிரெஞ்சுக் கம்பெனி இந்த மண்ணைப் பெற்றது. அரசலாறு பாயும் வயலும், அந்த வயல் தரும் அரிசியும்தான் அவர்களுக்கு வேண்டியிருந்தன. 160 சதுர கிலோமீட்டர் அளவுள்ள இந்தச் சிறு பகுதியில் கடலை எப்போதுமே ஓரத்துப் பயிர். கடலை ஒட்டிய மணற்பாங்கான கொல்லைகளிலும், ஆற்று நீர் ஏறாத திடல்களிலும், மழைக்காலம் ஓய்ந்த பிறகு மார்கழி, தை மாதங்களில் போடுகிற பயிர். அதைப் பற்றி ஒரு நினைவுச் சொற்பொழிவு எதற்கு என்று கேட்கலாம்.

நாமும் ஓரத்தில் வைக்கப்பட்டவர்கள் என்பதுதான் முதல் காரணம். நன்செய் மிராசுதாரருடையது. அதில் இறங்கி நடவு நட்டவர்கள் நாம். குடியிருந்தது புறம்போக்கிலும் திடலிலும். நெல் விளையாத மண்ணில்தான் நமக்கு ஓர் அடி கிடைத்தது, அதுவும் எழுத்தில் இல்லாமல். அந்த மண்ணில் விளையக்கூடியது கடலை. ஆகவே ஒரு தலித் மன்றம் கடலையின் வரலாற்றைக் கேட்பது, நம் காலடி மண்ணின் வரலாற்றைக் கேட்பதுதான்.

அந்த வரலாறு காரைக்காலில் தொடங்குவதில்லை. காரைக்காலை ஆண்ட அதே பிரெஞ்சு நிர்வாகத்தின் தலைமை ஊரான பாண்டிச்சேரிக்கு, ஏறக்குறைய 130 கிலோமீட்டர் வடக்கே போக வேண்டும். அங்கே, தென்னார்க்காட்டுச் செம்மண்ணில், இதன் பெயர் மல்லாட்டை. மணிலாக்கொட்டை என்ற சொல் மக்கள் வாயில் உருண்டு மல்லாக்கொட்டையாகி மல்லாட்டையாக நின்றது. தென் அமெரிக்காவில் பிறந்த செடி. பெயரில் பிலிப்பைன்ஸ் நாட்டுத் துறைமுகம். விளைந்தது விழுப்புரம், கடலூர்ப் புன்செய்களில்.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் மார்செய் நகரத்துச் சோப்பு ஆலைகளுக்கு மலிவான எண்ணெய் தேவைப்பட்டது. ஒலிவ எண்ணெய் விலை கூடிய சரக்கு. 1840களிலிருந்து செனகல் நாட்டுக் கடலை மார்செய்க்குப் போகத் தொடங்கியது. பின்னாலேயே பாண்டிச்சேரிக் கடலையும் போனது. தென்னார்க்காடு ஆங்கிலேயரிடம் இருந்தது, துறைமுகம் பிரெஞ்சுக்காரரிடம். எல்லையைத் தாண்டி வண்டி வண்டியாக மல்லாட்டை வந்தது. நூற்றாண்டின் கடைசியில் பாண்டிச்சேரித் துறைமுகத்தின் முதன்மையான ஏற்றுமதிகளில் ஒன்று அது. ஐரோப்பியச் சந்தையில் அதற்குக் ‘கொரமண்டல்’ என்று பெயர். சோழமண்டலம் என்பதைத்தான் அவர்கள் அப்படிச் சொன்னார்கள். மன்னரின் பெயர் கடலைக்குப் போயிற்று. உரித்தவர்களின் பெயர் எந்த மூட்டையிலும் இல்லை.

உரித்ததைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். செனகல் கடலை தோலோடு போனது, தூரம் குறைவு. நம் கடலை பாதி உலகம் சுற்றிப் போக வேண்டியிருந்ததால், கப்பலில் இடம் மிச்சம் பிடிக்க இங்கேயே உரித்துப் பருப்பாக அனுப்பினார்கள். எந்திரம் வருவதற்கு முன் அந்த வேலை முழுக்கக் கையாலும் தடியாலும். காய்ந்த கடலையின் மேல் தண்ணீர் தெளித்து, தோல் இளகியதும் தடியால் அடித்து, பிறகு புடைத்துப் பிரித்தார்கள். புடைத்தவர்கள் பெண்கள். ஈரம் பட்ட பருப்பு கப்பலின் வெக்கையில் பூஞ்சை பிடித்துச் சிக்கெடுத்தது. எண்ணெயில் அமிலம் கூடியது. அதனால் மார்செயில் செனகல் கடலை சாப்பாட்டு எண்ணெய்க்கும், நம் பருப்பு பெரும்பாலும் சோப்புக்கும் என்று பிரித்தார்கள். வணிகக் குறிப்புகள் இதை இந்தியச் சரக்கின் குறை என்று எழுதிவைத்தன. ஈரம் எடையைக் கூட்டும். எடை கூடினால் விற்பவனுக்கு லாபம் என்பதையும் சேர்த்தே நாம் படிக்க வேண்டும். தடியடித்த கூலிப்பெண்ணுக்கு எடை கூடியதால் ஒன்றும் வந்திருக்காது.

இப்போது விதைக்கு வருவோம். அன்று விளைந்தது கொடிக்கடலை. தரையில் படர்ந்து, கணுவுக்குக் கணு விழுது இறக்கி, மண்ணுக்குள் தூரம் தூரமாகக் காய்க்கும். நான்கு மாதத்துக்கு மேல் வயலில் நிற்கும். பல பத்தாண்டுகள் அதே விதையைத் திரும்பத் திரும்பப் போட்டதில் 1890களில் விளைச்சல் விழுந்தது, நோயும் சேர்ந்தது. சென்னை மாகாணத்தில் கடலைப் பரப்பு வெகுவாகச் சுருங்கியது. மீட்டது மொரீசியஸ் விதை. மொரீசியசிலிருந்து வந்ததால் அந்தப் பெயர். அதன் மூலம் ஆப்பிரிக்காவின் மொசாம்பிக் என்பார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பழைய விதையின் இடத்தை இது பிடித்தது. பிறகு ‘கொரமண்டல்’ என்று உலகம் அறிந்த கடலை உண்மையில் இந்த வந்தேறிக் கடலைதான். கடலூருக்கு அருகே பாலூரில் 1905இல் அரசு ஆய்வுப் பண்ணை வந்ததும் இந்த நெருக்கடியின் தொடர்ச்சியாகத்தான்.

மொரீசியஸ் என்ற பெயரைக் கேட்கும்போது நமக்கு வேறொன்றும் நினைவுக்கு வருகிறது. அந்தத் தீவுக் கரும்புத் தோட்டங்களுக்கு ஆங்கிலேயர் ஆள் ஏற்றினார்கள். பக்கத்திலிருக்கும் ரீயூனியனுக்கும், கரீபியக் கடலில் மார்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்கும் பிரெஞ்சுக்காரர் பாண்டிச்சேரியிலிருந்தும் இந்தக் காரைக்கால் துறையிலிருந்தும் ஆள் ஏற்றினார்கள். 1848இல் பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமைமுறை ஒழிந்தது. தோட்டங்களுக்குக் கை வேண்டியிருந்தது. நம் கை போனது. 1854 டிசம்பரில் ‘ஒரேலி’ என்ற கப்பல் குவாதலூப்பில் முதல் தொகுதி இந்தியத் தொழிலாளரை இறக்கியது. 1861 முதல் ஆங்கிலேய எல்லைக்குள்ளும் பிரெஞ்சுக்காரர் ஆள் எடுக்க ஒப்பந்தம் ஏற்பட்டது. போனவர்களில் எல்லாச் சாதியும் உண்டு. ஆனால் பண்ணையடிமையாய் இருந்தவனுக்குத்தான் ஊரை விட்டுப் போவது விடுதலைபோலத் தெரிந்திருக்கும். ஆள் போன அதே இந்துமாக்கடல் வழியில் விதை வந்தது. விதைக்குப் பெயர்ப்பதிவு நடந்தது போலவே ஆளுக்கும் பதிவேடு இருந்தது. இன்று மார்த்தினிக்கிலிருந்து பேரப்பிள்ளைகள் வந்து அந்தப் பதிவேட்டைத்தான் தேடுகிறார்கள்.

கடலைக்கு நெல்லைப் போல அல்லாத ஒரு குணம் உண்டு. அதைச் சொல்லாமல் இந்த வரலாறு விளங்காது. ஒரு குழி நெல்லுக்குக் கையளவு விதை போதும். கடலைக்கு மூட்டைக் கணக்கில் வேண்டும். இன்றைய பரிந்துரைப்படி எக்டேருக்கு 125 கிலோ பருப்பு, அதாவது ஏக்கருக்கு 50 கிலோ. விதையும் உணவும் ஒரே பொருள் வேறு. பசித்த வீட்டில் 50 கிலோ பருப்பை எட்டு மாதம் தொடாமல் வைத்திருக்க எந்தத் தாயால் முடியும்? பூச்சியும் எலியும் அதன் பங்கைக் கேட்கும். ஆகவே கடலை விதை எப்போதும் களஞ்சியம் உள்ளவனிடம்தான் இருந்தது. வியாபாரி விதையையோ பணத்தையோ முன்னதாகக் கொடுப்பான். அறுவடையை அவன் சொன்ன விலைக்கு அளக்க வேண்டும். தென்னார்க்காட்டுக் கடலை வணிகம் முழுவதும் இந்த முன்பணத்தின் மேல்தான் நின்றது. சிறு விவசாயிக்கே இந்த நிலை என்றால், வாரத்துக்கும் குத்தகைக்கும் ஒரு துண்டுக் கொல்லையைப் பிடித்த சேரிக்காரருக்கு என்ன நிலை என்று விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. 1914இல் உலகப்போர் வெடித்து மார்செய் வணிகம் நின்றபோது கடலை விலை தரையில் விழுந்தது. முன்பணம் வாங்கியவனின் கடன் மட்டும் விழவில்லை.

1930களில் திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆய்வு நடந்தது. 1940இல் வெளிவந்த இரண்டு ரகங்களின் பெயரில் ஊர் இருக்கிறது: டி.எம்.வி. 1, டி.எம்.வி. 2. திண்டிவனம் என்பதன் சுருக்கம். முதலாவது மேற்கு ஆப்பிரிக்காவின் ‘சலும்’ என்ற கடலையிலிருந்து பொறுக்கி எடுத்த கொடி ரகம். சலும் என்பது செனகலில் ஓடும் ஆறு. மார்செய்ச் சந்தையில் நம்மோடு போட்டியிட்ட செனகலின் விதையே இங்கே வந்து திண்டிவனம் ஆயிற்று. இரண்டாவது, குடியாத்தம் பகுதிக் கொத்துக்கடலையிலிருந்து கூட்டாகத் தேர்ந்தெடுத்தது. இந்த டி.எம்.வி. 2 எவ்வளவு பரவியது என்றால், ஆந்திராவிலும் கர்நாடகத்திலும் பல பத்தாண்டுகளுக்கு வேறு ரகம் அதை அசைக்க முடியவில்லை.

‘கூட்டுத் தேர்வு’ என்பது என்ன? வயலில் நல்ல செடிகளைப் பார்த்துப் பார்த்து எடுத்து, அவற்றின் விதையை ஒன்றாகக் கலந்து மறுபடி விதைப்பது. அறிவியலாளரின் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஆய்வு நிலையத்துக்கு வரும் முன் குடியாத்தத்துக் கொத்து என்று ஒன்று எப்படி உருவாகி இருந்தது? செடியைப் பிடுங்கி, காயை ஆய்ந்து, பொக்கை தனி, திரட்சி தனி என்று பிரித்த கைகள் எவை? களத்தில் உட்கார்ந்து காய் ஆய்ந்தவர்கள் கூலிப்பெண்கள். எந்தச் செடி நன்றாய்க் காய்த்தது என்று அவர்கள் விரல்களுக்கு முதலில் தெரியும். அந்த அறிவுக்கு ரகப் பட்டியலில் இடமில்லை.

கொடி போய்க் கொத்து வந்ததை வேளாண் நூல்கள் முன்னேற்றம் என்று ஒரு வரியில் முடிக்கும். 105 நாளில் அறுவடை, காய் அடியிலேயே கொத்தாய் இருக்கும், ஈரமிருந்தால் கையால் பிடுங்கலாம். கூலிக்காரர் பக்கமிருந்து பார்த்தால் கணக்கு வேறு. கொடிக்கடலைக்கு ஏர் ஓட்டியும் மண்வெட்டியால் கொத்தியும் காயைத் தேட வேண்டும். அப்படியும் நிறைய மண்ணில் தங்கிவிடும். அறுத்த கொல்லையில் தங்கிய கடலையைப் பொறுக்குவது சேரிப் பிள்ளைகளின் உரிமைபோல இருந்தது. கொத்து ரகம் வேலை நாளையும் குறைத்தது, பொறுக்குவதையும் குறைத்தது.

ஆனால் கொத்துக்கடலைக்கு ஒரு பலவீனம் உண்டு, அது நமக்குச் சாதகம். கொடி விதைக்கு உறக்க காலம் உண்டு; முற்றினாலும் சில வாரம் முளைக்காது. கொத்து விதை உறங்காது. முற்றிய நேரத்தில் ஒரு மழை பெய்தால் மண்ணுக்குள்ளேயே முளைவிட்டுவிடும். காரைக்கால் கரையில் கோடை மழை எப்போது வரும் என்று யார் சொல்ல முடியும்? மேகம் கறுத்தால் கொல்லைக்காரர் ஆள் தேடி ஓடி வருவார். ஆண்டு முழுவதும் வாய் திறக்க முடியாதவர்கள் கூலி பேச முடிந்த நாள்கள் அவை. எத்தனை மரக்காலுக்கு ஒரு மரக்கால் என்ற பேச்சு அன்று கொஞ்சம் நம் பக்கம் சாயும். அறுவடைக் கூலியாக ஒரு படி கூடக் கேட்பது இந்த வட்டாரத்தில் எவ்வளவு பெரிய குற்றமாக இருந்தது என்பதை நாம் மறக்க முடியாது. இங்கிருந்து அதிகத் தொலைவில்லாத கீழவெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 பேரைக் குடிசையில் வைத்துக் கொளுத்தினார்கள்.

பிரெஞ்சு ஆட்சி நமக்கு ஒன்றும் தரவில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. 1881 செப்டம்பர் 21ஆம் நாள் ஆணை வந்தது. சாதி வழக்கத்துக்கு உட்பட்ட தன் தனிநிலையைத் துறப்பதாக எழுதிக்கொடுத்தால் பிரெஞ்சுக் குடியியல் சட்டத்தின் கீழ் வரலாம், குடும்பப் பெயர் எடுத்துக்கொள்ளலாம். ஒடுக்கப்பட்டோரும் கிறித்தவர்களும் கணிசமாக எழுதிக்கொடுத்தார்கள். சிலர் அந்தத் தாளோடு சைகோனுக்கு வேலைக்குப் போனார்கள். அது சிறிய விஷயம் இல்லை. ஆனால் சட்டம் பெயரைத்தான் கொடுத்தது, கொல்லையைக் கொடுக்கவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம், செங்கல்பட்டு ஆட்சியர் திரெமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் பஞ்சமி நில ஆணை பிறந்தது. அந்த நிலங்கள் பெரும்பாலும் தரிசுப் புன்செய்; கடலைக்கு ஏற்றவை. அவை எப்படிப் பிறர் கைக்குப் போயின என்பதும், மீட்கப் போராடிய காரணையில் 1994 அக்டோபர் 10 அன்று ஜான் தாமசும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் பலியானதும் இந்த மேடைக்குத் தெரிந்ததே. ஆனால் பஞ்சமி ஆணை சென்னை மாகாணத்துக்கானது. காரைக்காலுக்குள் அதற்கு அதிகாரம் இருந்ததில்லை. 1954 நவம்பர் 1 அன்று இந்தியாவோடு இணைந்தபோது, மீட்டுக் கேட்பதற்கு என்று எழுத்தில் ஒரு துண்டு நிலம்கூட நம்மிடம் இல்லை.

2004 டிசம்பர் 26க்குப் பிறகு இந்தக் கரையின் கொல்லைகளில் உப்பு ஏறியது. நிவாரணக் கணக்கில் படகும் வலையும் எண்ணப்பட்டன, பட்டாதாரரின் பயிர் எண்ணப்பட்டது. பட்டா இல்லாமல் கடலை போட்டவரும், அந்தக் கொல்லையில் களை எடுத்தவரும் எந்தப் பத்தியிலும் சேரவில்லை. 2009 முதல் கீழவாஞ்சூரில் துறைமுகம் இயங்குகிறது. மணல் நிலத்தின் விலை கடலை விளைச்சலோடு தொடர்பற்றதாகிவிட்டது.

1987 முதல் காரைக்காலிலேயே வேளாண் கல்லூரி இருக்கிறது. விருத்தாசலத்து வி.ஆர்.ஐ. ரகங்கள் வந்துவிட்டன. மானியத்தில் விதை வாங்கலாம், நில ஆவணத்தைக் காட்டினால். குத்தகைக்காரரிடம் ஆவணம் இல்லை. அவர் வெளிச்சந்தையில் வாங்குகிறார், பெரும்பாலும் கடனுக்கு. மார்செய்க்குக் கப்பல் போன காலத்தில் விதை யாருடைய களஞ்சியத்தில் இருந்ததோ, அதே மாதிரியான களஞ்சியத்தில்தான் இன்றும் இருக்கிறது.

நம் மன்றத்து இளைஞர்கள் இந்த ஆண்டு ஒரு வேலையை எடுத்துக்கொள்ளலாம். திருமலைராயன்பட்டினம், நிரவி, கோட்டுச்சேரி கொம்யூன்களின் சேரிகளில் காய் ஆய்ந்த வயதான பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். எந்தக் கொல்லை, எந்த ரகம், எத்தனை மரக்காலுக்கு எத்தனை கூலி, விதையை யார் கொடுத்தார்கள் என்ற நான்கு கேள்விகள் போதும். அவர்கள் சொல்லும் சொல்லிலேயே எழுதிக்கொள்ள வேண்டும்.